குலசேகரம் பஸ்ஸில் போன குறுக்கெழுத்து

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு எல்லாம் தப்பாகத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்கு என் ஞாபகசக்தி காரணமல்ல. தக்கலையிலிருந்து குலசேகரம் பஸ் புறப்பட்ட நேரத்தைக் கண்டக்டர் தன் தாளில் எழுதி வைத்திருந்தார். அன்று சாயந்திரம் அந்தத் தாளைப் பல பேர் வாங்கிப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம். அப்பா தக்கலைத் தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தா. வீடு பத்மநாபபுரத்தில், கோட்டைச் சுவருக்கு உள்ளே. அம்மாவின் தம்பி, என் மாமா, குலசேகரத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் எழுத்து வேலை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர். நேரில் சந்தித்தால் அப்பாவும் மாமாவும் மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுடைய பேச்சுவார்த்தை முழுவதும் குறுக்கெழுத்தில் நடந்தது.

மதராஸிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை, திருநெல்வேலி வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலுமாக வெள்ளிக்கிழமை மாலை எங்களிடம் வந்து சேரும். அதன் கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டங்கள் இருக்கும். பரிசு எதுவும் கிடையாது. அம்மாவுக்குப் புரியாததும் அதுதான். பரிசுகூட இல்லாத ஒன்றுக்கு ஒரு மனிதர் முகத்தில் சோப்பு நுரை காய்ந்து போகும்வரை சவரக்கத்தியைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்?

அந்தக் குறுக்கெழுத்து சாதாரணமாகப் பொருள் கேட்பது அல்ல. வெளியே ஒன்று சொல்லும், உள்ளே வேறு வேலை நடக்கும். ‘முகத்தின் முதலெழுத்து தலைக்கு முன்னால் வந்தால் ஆற்றங்கரையில் வெயில் காயும்’ என்று இருக்கும், மூன்றெழுத்து. அப்பா ஒரு நாள் முழுக்கக் குளித்துவிட்டுக் கரையில் நிற்கும் மனிதர்களை நினைத்துக்கொண்டிருந்தார். விடை முதலை. மு, பிறகு தலை. கண் முன்னாலேயே அது படுத்துக் கிடந்திருக்கிறது. அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தார். எங்கள் வீட்டில் அப்பா சத்தமாகச் சிரிப்பது வாரத்தில் ஒன்றிரண்டு தடவைதான், அதுவும் சனி ஞாயிறுகளில்தான்.

இருவருக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை. ஞாயிறு மதியம் வரை அது அப்பாவின் உரிமை. கறுப்புப் பென்சிலால் முடிந்தவரை நிரப்புவார். பிறகு அந்தத் தாளை மட்டும் கிழித்து நாலாக மடித்து என்னிடம் தருவார். நான் தக்கலை பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோய்க் குலசேகரம் பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். அவர் அதைத் தன் தோல்பைக்குள் செருகிக்கொள்வார். மாமா அங்கே ஜங்ஷனில் நின்று வாங்கி, அப்பா விட்டுவைத்த கட்டங்களைச் சிவப்புப் பென்சிலால் நிரப்பித் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் திருப்பி அனுப்புவார். எத்தனை சிவப்பு எழுத்துக்கள் என்பதைப் பொறுத்து எங்கள் வீட்டுத் திங்கட்கிழமை அமையும். ஐந்தாறு இருந்தால் அப்பா பேசாமல் கச்சேரிக்குப் போவார். ஒன்றும் இல்லையென்றால் அம்மாவிடம், “ஒனக்க தம்பிக்கு ரப்பர் பால் மண்டைக்குள்ளயும் உறஞ்சு போச்சு” என்பார். அம்மா ரசத்தில் உப்பைக் குறைத்துப் பழிவாங்குவாள்.

இதை எல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன சனிக்கிழமை. டியூஷனுக்குப் போன என் மகள் ஐந்தரைக்கு வர வேண்டியவள், எட்டே முக்காலுக்கு வந்தாள். கூடப் படிக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போனாளாம், நாய் குட்டி போட்டிருந்ததாம், நேரம் தெரியவில்லையாம். அவளுக்குப் பதினான்கு வயது. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரு வாரமாக அவள் குளியலறைக் கதவைச் சாத்தினால் நான் வெளியே நின்று ஏதாவது காரணம் சொல்லிப் பெயரைக் கூப்பிடுகிறேன். “என்னம்மா?” என்று உள்ளிருந்து சத்தம் வந்தால்தான் நகர்கிறேன். அவளுக்கு எரிச்சல் வருகிறது. எனக்கும் அந்த வயதில் வந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மூன்று விடைகளில் மாட்டிக்கொண்டார். அதில் ஒன்று அவரைச் சாப்பிடக்கூட விடவில்லை. ‘வால் போன அலகுக்குப் பின்னால் மழை. உள்ளே துணி நனையாது.’ நாலெழுத்து. அப்பா குடையில் தொடங்கி, தாழங்குடை, ஓலைக்குடை, கூடாரம், கொட்டகை என்று மழைக்கு ஒதுங்கும் இடங்களையெல்லாம் சுற்றி வந்துவிட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே, “கொக்கா இருக்குமோ?” என்றார். அம்மா, “கொக்கு கெடக்கட்டும். புளிசேரி ஊத்தட்டுமா, வேண்டாமா?” என்று கேட்டாள்.

விடைகளை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆனால் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடக்கிற தூரத்தில் தாள் என் கையில் இருக்கும். மடிப்பைப் பிரித்து மிச்சமிருக்கும் குறிப்புகளைப் படித்துக்கொண்டே போவேன். எனக்கு அது அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவர் வழியாகக் கேட்பதுபோல இருந்தது. பாதிதான் புரியும். அதனாலேயே காதை எடுக்க முடியாது.

நிறுத்தத்தில் ஒரு தையற்கடை உண்டு. தைத்து முடித்த ஜாக்கெட்டுகளும் சட்டைகளும் கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரிக்குள் தொங்கும். பஸ் வரும்வரை எப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்றும் பார்த்தேன். துணி. நனையாத துணி. அலகுக்கு வால் போனால் அல. மழை என்றால் மாரி.

உடம்பு முழுக்க ஒரு கூச்சம் ஓடியது இப்போதும் நினைவிருக்கிறது. நான் கண்டுபிடித்தேன் என்பதுகூட இரண்டாவதுதான். அது இவ்வளவு நேரமும் அங்கேயே இருந்தது, அப்பா கண்ணுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. இனி தெரியாமல் போகாது. அந்த ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. திரும்பி ஓடி அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

கண்டக்டரின் காதில் பென்சில் இருந்தது. படிமேல் ஏறி, “அண்ணாச்சி, பென்சில் ஒண்ணு தருவேளா? ஒரே ஒரு வார்த்த எழுதணும்” என்று கேட்டேன். அவர் மேலே ஏற்றிய வாழைக்குலைகளை யாரோடோ எண்ணிக்கொண்டிருந்தார். பாராமலே எடுத்துக் கொடுத்தார். எச்சில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் பென்சில். நின்றுகொண்டு எழுத முடியாது என்று காலியாக இருந்த பலகை இருக்கையில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தேன். நாக்கில் தொட்டு எழுதினேன். அ. ல. மா. ரி. கறுப்புக்கு நடுவில் ஊதா பளிச்சென்று நின்றது.

எழுதிய உடனே இன்னொன்று நடந்தது. ‘ல’ விழுந்த கட்டம் மேலிருந்து கீழே போகும் ஒரு மூன்றெழுத்துக்கும் நடுக்கட்டம். ‘ஒன்றல்ல, நிறையக் கைகள். தச்சன் வீட்டில் சாய்ந்திருக்கும்.’ அப்பா இதற்காக வெள்ளிக்கிழமை இரவிலிருந்து பல கைகள் உள்ள அம்மன்களையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

பஸ் நகர்ந்தது உனக்குத் தெரியவில்லையா என்று அம்மா பிறகு நூறு தடவை கேட்டிருப்பாள். தெரியவில்லை என்றே ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அது பொய். தெரிந்தது. ஜன்னலில் தையற்கடை பின்னால் போவதைப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு எழுத்துதான் பாக்கி, அது வந்ததும் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டு என்னிடம் வரும்போது அழகியமண்டபம் தாண்டியிருந்தது. மடியில் தாளைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, தவறாக.

“கொள்ளாம்! இன்னைக்குக் கடுதாசிகூட ஆளையும் அனுப்பிட்டாரா உங்க அப்பா? மாமன் வீட்டுக்கா பிள்ளே?”

நான் நிமிராமல் “ம்” என்றேன். நிறையக் கைகள். பல கை.

“இந்தப் பிள்ளைக்கு டிக்கெட் கெடையாது கேட்டியா,” என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் அவர் சொன்னார். “இது தபாலாக்கும்.”

அந்தப் பெண் மடியில் ஒரு கோழியை வைத்திருந்தாள். அது அடிக்கடி என் தாளைக் கொத்தப் பார்த்தது. ‘பலகை’ என்று எழுதினேன். பஸ் திருவட்டாற்றில் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பெருமாளைச் சேவிக்க வருடம் ஒருமுறை பெரிய ஏற்பாடுகளோடு எங்களைக் கூட்டிவரும் ஊர் அது. அன்று நான் கோயில் இருந்த பக்கம்கூடத் திரும்பவில்லை. மூன்றாவது விடை வரவே இல்லை. ‘நேரே போனால் படி. திரும்பினால் சிவனைக் கூப்பிடலாம்.’ இரண்டே எழுத்து. இரண்டெழுத்தில் இவ்வளவு பெரிய பூட்டு எப்படிப் போட முடியும்? வீடு, அம்மா, கொடுத்துவிட்டு உடனே வந்துவிடு என்று சொல்லி அனுப்பியது எதுவும் அந்தப் பூட்டுக்கு இந்தப் பக்கம் இல்லை.

குலசேகரம் ஜங்ஷனில் மாமா வழக்கம்போல நின்றிருந்தார், சட்டைப் பையில் சிவப்புப் பென்சிலோடு. கண்டக்டர் என்னைத் தோளில் பிடித்து இறக்கிவிட்டு, “இன்னா ரெண்டு சாதனம். எண்ணி வாங்கிக்கிடும்” என்றார். மாமா என்னைப் பார்த்தார், சிரித்தார், தலையில் கை வைத்தார். மற்றக் கை தாளை வாங்கிப் பிரித்துவிட்டது.

“இது யாருக்க நெறம்?”

“எனக்க நெறம் மாமா.”

“அலமாரி.” அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். “அலகு, மாரி. ஏயப்பா! அத்தான் கண்டுபிடிக்கல்லியா?”

“கொக்கான்னு கேட்டாங்க.”

மாமா ஜங்ஷனில் நின்றபடி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படி ஒரு மரியாதையை எனக்கு அதுவரை யாரும் தந்ததில்லை. எஸ்டேட்டில் அவருடைய அறை வரை ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தோம். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையிலிருந்து வரும் வாடையில், மூன்றாவது பூட்டை இருவருமாகத் திருகிக்கொண்டே போனோம். அவர் மாடிப்படி என்றார், நெல் அளக்கும் படி என்றார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ‘படி’ என்று சொன்னால் புத்தகத்தைத்தானே எடுப்போம் என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் நின்றோம். வாசி. திருப்பினால் சிவா. மாமா தன் சிவப்புப் பென்சிலை என்னிடம் நீட்டி, “நீயே எழுது மக்கா” என்றார்.

கட்டம் முழுதாக நிரம்பியது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நடக்காத காரியம். எப்போதும் ஓரிரண்டு கட்டமாவது அடுத்த வாரத்து விடைகளுக்காகக் காத்திருக்கும். மாமா அறைக்குள் போய் எனக்கு ஒரு தட்டில் நேந்திரம்பழம் வைத்தார். தாளைச் சுவரில் சாத்தி வைத்து எட்ட நின்று பார்த்தார். பிறகு அப்படியே பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

“அக்கா ஒண்ணும் தந்து விடல்லியா? முறுக்கு, கிறுக்கு?”

“அம்மாவுக்கு நான் வந்தது தெரியாதே.”

“அத்தான்தான் அனுப்புனாரா?”

“இல்ல. எழுதிட்டு இறங்கணும்னு நெனச்சேன்.”

நான் பழத்தைத் தின்றுகொண்டிருந்தேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். மணியைப் பார்த்தார். மூன்றே முக்கால். நான் வந்த பஸ் திரும்பிப் போய்விட்டிருந்தது. அடுத்தது ஆறு மணிக்கு. மானேஜர் பங்களாவில் டெலிபோன் உண்டு, ஆனால் மானேஜர் குடும்பத்தோடு திருவனந்தபுரம் போயிருந்தார், வீடு பூட்டு. சைக்கிளுக்குச் சொல்லிவிட்டார். வந்த சைக்கிளுக்குப் பின்சக்கரத்தில் காற்று இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. அதனால் எதுவும் தப்பாக நடந்துவிட்டதாக எனக்குப் படவில்லை. ஏன் அந்தத் தாளை அவர் மறுபடி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது மட்டும் விசித்திரமாக இருந்தது.

அதே நேரத்தில் தக்கலையில் நடந்தவை எனக்குப் பிறகு பல வருடங்களில் துண்டு துண்டாகக் கிடைத்தன. அவற்றைச் சொன்னவர்கள் யாரும் முழுதாகச் சொல்ல விரும்பவில்லை. சாப்பிட்டதும் அப்பா தூங்கிவிட்டார். இரண்டரைக்கு அம்மா எழுப்பினாள். இருவருமாக நிறுத்தத்துக்கு வந்து விசாரித்தார்கள். “பச்சப் பாவாட பிள்ளதானே? பஸ்ஸு போனதும் கோட்டப் பக்கமாத் திரும்பிப் போச்சே சாரே” என்று தையற்காரர் சொன்னார். அது எந்தப் பிள்ளையின் பாவாடையோ. சோடாக்கடைக்காரர் மட்டும், “பஸ்ஸுல ஏறிப் போயிருக்குமோ?” என்று கேட்டிருக்கிறார். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. என் பிள்ளை சொல்லாமல் ஏறமாட்டாள் என்றார். எதிலும் நேராகத் தெரிவதை நம்பாமல் உள்ளே வேறு தேடிப் பழகிய மனம் அவருக்கு. அவர் கோட்டைக்குள் ஓடினார்.

அம்மா அங்கேயே நின்றாள். மூன்று மணி வெயிலில், ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, போன பஸ் திரும்பி வரட்டும் என்று நின்றாள். அம்மா நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். குறுக்கெழுத்துப் பக்கத்தை அப்பளம் காயவைக்கத்தான் எடுப்பாள். நாலே முக்காலுக்குப் பஸ் வந்தது. “பிள்ளையா? மாமன் கையில பத்திரமா ஏல்ப்பிச்சாச்சே அக்கா” என்று கண்டக்டர் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் கண்டக்டரின் நேரத் தாளை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள், கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும், ஒன்று இருபது, ஒன்று இருபது என்று.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தரையிலிருந்தே ஜங்ஷனில் நின்றார். பிடி வலித்தது. சொன்னபோது தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். நான் அடுத்த வாரத்துக் குறுக்கெழுத்து எப்படி இருக்கும், இனி அப்பா எனக்கும் ஒரு பென்சில் தருவாரா, ஊதாவா கறுப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார்.

ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரி ஜங்ஷனில் நின்றது. மறுநாள் சந்தைக்கு விற்பனைக்குப் போகும் கருவாடு மேலே மலைபோலக் கட்டியிருந்தது. வாடை முன்னால் வந்தது. டிரைவர் குதித்து மறுபக்கம் ஓடிக் கதவைத் திறந்தார். அவர் கழுத்தில் சிலுவை தொங்கியது. அந்தப் பக்கத்திலிருந்து அம்மா இறங்கினாள். மீன்காரி தெருவில் போனாலே வாசலில் தண்ணீர் தெளிக்கிற என் அம்மா, இரண்டு கருவாட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. முன்பின் தெரியாத ஆண்களுக்கு முன்னால் அம்மா அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அடிப்பாள் என்று நினைத்து மாமாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா என் புஜத்தைப் பிடித்து முன்னால் இழுத்தாள். முகத்தைத் தொட்டாள், முதுகைத் தொட்டாள், குனிந்து கால்களைத் தொட்டாள். சந்தையில் வாங்கும் பொருளைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

“லே தம்பி, இந்த லாரிய இப்பமே திருப்பச் சொல்லு. ஒனக்க அத்தான் கோட்டக் கொளத்தங்கரையில நிக்காவ. நாலு பேரு முங்கி முங்கித் தேடுகானுவ. நான் அங்க ஒரு ஆளக்கூடச் சொல்லி விடாம ஏறி வந்துட்டேம்லே.”

“நான் திருப்புறேன் அக்கா, ஏறுங்க” என்று டிரைவர் ஓடினார். மாமா என்னைத் தூக்கி உள்ளே வைத்தார். நான் அம்மாவின் மடியில் உட்கார்ந்து, முழுதாக நிரம்பிய தாளை அப்பாவிடம் காட்டப் போகும் நேரத்தை நினைத்துக்கொண்டே கேட்டேன்.

“அம்மா, கொளத்துல அப்பாவுக்கு என்ன காணாமப் போச்சு?”